கங்கையம்மாளுக்கு வந்த கார்டுகள்

1987 ஜூன் 11, வியாழக்கிழமை. காலை ஒன்பது மணிக்குச் சேலையூரில் எங்கள் வீட்டு வாசலில் டாக்சி வந்து நின்றது. ஜாம்பியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்து, இருபத்து மூன்று வயதில் முதல்முறையாக ஊரை விட்டுக் கிளம்புகிறேன். அம்மா அழுதாள். பாஸ்போர்ட் இருக்கிறதா என்று அப்பா நாலாவது தடவையாகக் கேட்டார். நான் தெருவின் எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டு கேட்டுக்கு உள்ளே கங்கையம்மாள் அக்கா நின்றிருந்தாள். முந்தானையைச் சுருட்டி வாயை மூடியிருந்தாள். அவளுடைய மூன்று வயது மகள் செல்லி, அம்மாவிடமிருந்து பத்தடி தள்ளி, சுவரோரமாகத் தனியாக நின்றிருந்தது. நான் விடைபெற்றுக்கொள்ளத் தெருவைத் தாண்ட அடியெடுத்து வைத்ததும் அக்கா இடது கையை நீட்டி, அங்கேயே நில் என்று காட்டினாள். வலது கை இன்னும் தோளுக்கு மேல் எழும்பவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்து விலாவைத் திறந்து நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்திருந்தார்கள்.

அவளுக்கு வந்தது புற்றுநோய். அவளிடம் சொல்லியிருந்தது டி.பி. அந்தப் பொய்யை யோசித்துச் சொன்னவள் நான்தான். டாக்சி சானடோரியத்தைத் தாண்டி மீனம்பாக்கம் போய்ச் சேரும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் காலனி முழுவதும் ஒரு காலத்தில் அக்காவின் கணவர் ஏகநாதன் குடும்பத்து நெல்வயல். மனை போட்டு விற்ற பிறகு, அந்த மனைகளில் வீடு கட்ட வந்தவர்களுக்குச் செங்கல்லும் மணலும் ஜல்லியும் இறக்கிக் கொடுப்பது அவர் தொழிலானது. அக்கா வாசல் அறையில் இரண்டு கிரைண்டர் போட்டிருந்தாள். சாயங்காலம் ஆனால் காலனிப் பெண்கள் ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவார்கள். அரைத்து முடியும்வரை அங்கேயே பேச்சு. என் அம்மா காமு கொண்டுபோகும் கிண்ணத்தைப் பார்த்து அக்கா தினமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். "இன்னா மாமி, உளுந்து இம்மாம்தானா? இட்லி கல்லு மாரி கீதுன்னு சாரு என்னையத்தான் திட்டுவாரு."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவள் செல்லி. அக்காவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. பிள்ளை அவள் இடுப்பை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மாவு தள்ளுவாள்.

விசாவுக்கு எனக்கு மார்பு எக்ஸ்ரே வேண்டியிருந்தது. அது 87 மார்ச். அக்காவுக்குக் கிரைண்டர் பெல்ட் வாங்க வேண்டியிருந்ததால் இருவரும் சேர்ந்தே மேற்குத் தாம்பரம் போனோம். எக்ஸ்ரே எடுப்பவர் தன் வீட்டுக்கு ஏகநாதனிடம் செங்கல் வாங்கியவர். அக்கா இரண்டு தடவை இருமியதைக் கேட்டுவிட்டு, நீயும் வந்து நில்லு, ஒரு படம் எடுத்துவிடலாம் என்றார். பொங்கலிலிருந்தே இருமல் இருந்தது. மணல் தூசு என்று அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. சிரித்துக்கொண்டே போய் நின்றாள். எனக்கும் ஒரு பாஸ்போர்ட்டு கொடுத்துட்டா நானும் கெளம்பிடறேன் என்று சொன்னாள்.

மறுநாள் என் படத்தை உடனே கையில் கொடுத்தார். அவளுடையதைக் கொடுக்கவில்லை. வெளிச்சப் பெட்டியில் மாட்டி, யாருடனாவது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். வலது பக்கம், மேலே, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளையாக ஒன்று இருந்தது. நான் போகாமல் இருந்திருந்தால் அவளும் போயிருக்க மாட்டாள் என்று பிற்பாடு எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சியை என்னால் ஒருநாளும் நேராக வாங்கிக்கொள்ள முடிந்ததில்லை.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி ஆபரேஷன். விலாவிலிருந்து ஒரு குழாய் இறங்கி, கட்டிலுக்கு அடியில் இருந்த தண்ணீர் பாட்டிலுக்குள் போகும். அவள் மூச்சு விடும்போதெல்லாம் பாட்டிலுக்குள் குமிழி வரும். ஏகநாதன் அண்ணன் அவள் முகத்தைப் பார்க்காமல் அந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குமிழி நின்றால் அவர் மூச்சும் நின்றுவிடும் போல இருக்கும்.

பத்து நாள் கழித்து டாக்டர் வராந்தாவுக்கு வந்தார். அண்ணன் என்னை முன்னால் தள்ளிவிட்டார், இங்கிலீஷ் தெரிந்தவள் நான்தான் என்று. கட்டி சின்னதாக இருக்கும்போதே எடுத்தாகிவிட்டது, பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவவில்லை, வேறு மருந்து இப்போதைக்குத் தேவையில்லை என்றார். இப்படிப்பட்டவர்களில் பாதிக்கு மேல் பிழைத்துவிடுகிறார்கள், ஆனால் ஐந்து வருஷம் விடாமல் பார்க்க வேண்டும் என்றார். அண்ணனுக்குச் சொன்னேன். அவருக்கு அந்த 'பாதி' மட்டும்தான் காதில் விழுந்தது.

"அந்தப் பேரை அவ காதுல போட்டா அன்னிக்கே பூடுவா பாப்பா," என்றார்.

எனக்கு டக்கென்று தோன்றியது. தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையத்துக்கே பேர் சானடோரியம், காசநோய் ஆஸ்பத்திரி இருக்கும் இடம். டி.பி. வந்து அங்கே போய் மருந்து சாப்பிட்டு, நடந்து வீடு திரும்பியவர்கள் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒருவராவது உண்டு. அவளிருந்த வார்டிலேயே டி.பி.க்காக ஆபரேஷன் ஆனவர்கள் இரண்டு பேர் படுத்திருந்தார்கள். டி.பி. என்று சொல்லிவிடலாம் அண்ணா, அது குணமாகிற வியாதி என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக எனக்குக் கர்வம்கூட வந்தது.

நாங்கள் இருவரும் போய்ச் சொன்னோம். அவள் அழவில்லை. செல்லியை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று மட்டும் கேட்டாள். மறுநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வலியால் என்று நினைத்தேன்.

டிஸ்சார்ஜ் அன்று ஆஸ்பத்திரி மேஜையில் முகவரி கேட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரிப்ளை கார்டு வரும், பதில் எழுதி அனுப்ப வேண்டும் என்றார்கள். இரண்டு அட்டை ஒட்டியிருக்கும், பதில் பாதியைக் கிழித்துத் தபாலில் போட்டால் போதும். நோயின் பெயர் அதில் அச்சாகியிருந்தது; யாராவது அவளுக்குப் படித்துச் சொல்லிவிடுவார்கள் என்று எங்கள் வீட்டு முகவரியைக் கொடுத்தேன். அப்பாவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவைத்தேன்.

அக்கா வீட்டுக்கு வந்ததும் வாசற்படியிலேயே நின்று, தனக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் பாயும் எடுத்துவைக்கச் சொன்னாள். கிரைண்டர்கள் மேல் சாக்கைப் போட்டு மூடினாள். பிறத்தியார் சாப்பிடுகிற மாவில் இனிமேல் தன் கை படக் கூடாது என்றாள். காலனிக்குச் செய்தி போக இரண்டு நாளாகவில்லை. என் அம்மா குரலைத் தாழ்த்தி, "பாவம்டி வேதா. ஆனா இனிமே மாவு நம்மாத்துலயே அரைச்சுக்கலாம்," என்றாள். அதற்கப்புறம்தான் அந்த வியாழக்கிழமை.

ஜாம்பியாவுக்குக் கடிதம் வர மூன்று வாரம் ஆகும். அப்பாவின் கடிதங்களில் கடைசி வரி எப்போதும் அவளைப் பற்றியது. "இன்று கார்டு வந்தது. முதல் கேள்விக்கு 'ஆம்' என்று எழுதியிருக்கிறேன்." முதல் கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். நோயாளி உயிருடன் இருக்கிறாரா. அப்பா ஆம் என்று எழுதிய நாளுக்கும் நான் அதைப் படித்த நாளுக்கும் நடுவே இருபத்தோரு நாள். அதற்குள் அந்தப் பதில் மாறிப்போயிருக்கலாம். படித்து முடித்ததும் அடுத்த உறையின் பயம் ஆரம்பித்துவிடும்.

அடுத்த வருஷம் மே மாதம், கங்கையம்மாள் இப்போது வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் மூட்டை அடுக்கும் கொட்டகையில்தான் இருக்கிறாள் என்று அப்பா எழுதியிருந்தார். காரணம் அவருக்குத் தெரியவில்லை. ஏகநாதனும் சொல்லவில்லை. உடம்பு இளைத்துவிட்டது என்றும் எழுதியிருந்தார். இளைத்துவிட்டது என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஏழு மாதம் காத்திருந்தேன். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன்.

பெட்டியை வைத்துவிட்டு நேராக எதிர்வீட்டுக்குப் போனேன். கொட்டகைக்கு முன்னால் தரையில் ஒரு வரிசைச் செங்கல் வைத்திருந்தது. செல்லி அந்த வரிசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம், கொட்டகை வாசலில் அக்கா. தோள் எலும்பு தெரிந்தது.

"அங்கியே குந்து பாப்பா," என்றாள். செங்கல்லுக்கு வெளியே உட்கார்ந்தேன்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். செல்லிக்குக் கேட்காத குரலில் சொன்னாள். ஏகநாதனிடம் லாரி ஓட்டும் பொன்னுரங்கம் டி.பி. மாத்திரை சாப்பிட ஆரம்பித்த மறுநாள், சிறுநீர் சிவப்பாகப் போகிறது, ரத்தம் என்று அலறிக்கொண்டு வந்ததும், அது அந்த மாத்திரையின் நிறம்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதும், ஆறு மாதம் எல்லோரும் அவனைக் கேலி செய்ததும் எனக்கும் தெரிந்த கதைதான்.

"எனக்கு ஒரு நாளாவது செவக்கணுமா இல்லியா? மஞ்சளாத்தான் போவுது. அவரு வேள தவறாம மாத்திரை குடுக்கறாரு, நானும் துன்றேன். மருந்து என் ஒடம்புல நிக்கல பாப்பா. உள்ள அது அப்பிடியே கீது."

அண்ணன் வேறு பாட்டிலில் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது சாதாரண பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை. மஞ்சளாகத்தான் போகும்.

அவள் பேசிக்கொண்டே போனாள். அவளுக்கு ஏழு வயதில் அவள் அம்மாவுக்கு இந்த வியாதி. அம்மாவை ஒரு அறையில் வைத்து, பிள்ளைகளை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். அவளுடைய அக்காக்காரி மட்டும் கேட்காமல் உள்ளே போய் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டினாள். அம்மா செத்த மறுவருஷம் அவளும் அதே வியாதியில் செத்தாள். ஏகநாதன் அண்ணனுக்கு இது தெரியும். மருந்தில்லாத காலத்துக் கதையை யார் இப்போது நினைக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது. லேசான பெயர் என்று பார்த்துப் பார்த்து நான் எடுத்துக் கொடுத்தது அவளுக்கு இருப்பதிலேயே கனமான பெயர்.

அவள் கொட்டகைக்குள் எழுந்து போய்விடப் போகிறாள் என்று தோன்றியது. அண்ணனைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். டி.பி. இல்லை அக்கா, உனக்கு டி.பி. வரவேயில்லை என்று ஆரம்பித்து, அந்தப் பெயரையும் சொன்னேன். டாக்டர் சொன்னது, மாத்திரை, கார்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் செத்துவிடுவாள் என்று அண்ணன் சொன்னது மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"அது ஒட்டுமா?"

"ஒட்டாது."

"ஊரு அம்மன் செல்லியம்மா மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். அவள் மகளைக் கூப்பிட்டாள். செல்லி எழுந்து வந்து செங்கல் வரிசைக்கு வெளியே நின்றுவிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். பிள்ளை என்னைப் பார்த்தது, காலுக்குக் கீழே செங்கல்லைப் பார்த்தது, தாண்டவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு மேலாக அம்மாவே அதட்டிப் பழக்கிய எல்லை அது.

அக்கா குனிந்தாள். வலது கையால் ஒவ்வொரு செங்கல்லாக எடுத்து ஓரமாகப் போட்டாள். பதினேழு செங்கல். நான் உதவிக்குப் போனபோது முறைத்தாள். கடைசிக் கல்லை எடுத்த பிறகும் செல்லி அதே இடத்தில்தான் நின்றாள். அக்கா அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, பிள்ளையின் பாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானம் அண்ணன் வந்தார். நடந்ததைப் புரிந்துகொள்ள அவருக்கு நேரம் ஆனது. பிறகு வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு முன் அவள் முந்திக்கொண்டாள். "இத்தினி நாளா சத்து மாத்திரை துன்னுகினு கீறேன், அப்பவும் இளைச்சிட்டேன் பாரு. எந்தக் கடையில வாங்கின?" என்றாள். அவர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

சாயங்காலம்தான் அவளுக்குப் பயம் வந்தது. நான் வீட்டுக்குக் கிளம்பும்போது என் மணிக்கட்டைப் பிடித்தாள். எத்தனை வருஷம் என்று கேட்டாள். ஐந்து, அதில் ஒன்றரைக்கு மேல் போய்விட்டது என்றேன். மிச்சத்தை விரல்விட்டு எண்ணினாள். இவ்வளவு நாளும் பிள்ளைக்காகப் பயந்தவள் அன்றுதான் தனக்காகப் பயந்தாள். அந்தப் பயத்தையும் நான்தான் கொடுத்தேன். ஆனாலும் அன்று கொட்டகைக்குள் போகவில்லை. வீட்டுக்குள் செல்லியின் பாய்க்குப் பக்கத்தில் தன் பாயைப் போட்டாள். செல்லி தன் பாயை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாளாம். அது கிட்டே வர மூன்று வாரம் பிடித்தது என்று பிறகு எழுதினார்கள்.

அதன்பிறகு கார்டு அவள் வீட்டு முகவரிக்கே வந்தது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. ஒன்றாம் வகுப்புப் போன செல்லிதான் எழுத்துக்கூட்டிப் படித்தாள். நோ, யா, ளி. உ, யி, ரு, ட, ன். யார் அந்த நோயாளி என்று கேட்டாளாம். "நான்தான். ஆமான்னு எழுது," என்றாளாம் அக்கா. செல்லி பள்ளிக்கூடத்தில் எழுதிய முதல் வார்த்தை எது என்று எனக்குத் தெரியாது. வீட்டில் எழுதிய முதல் வார்த்தை அதுதான்.

1990 பிப்ரவரியில் ஒரு கடிதம். எக்ஸ்ரே படத்தில் பழைய இடத்துக்குக் கீழே நிழல் தெரிகிறது, மறுபடி பார்க்க வேண்டும் என்கிறார்கள் என்று அப்பா எழுதியிருந்தார். அதற்குப் பிறகு ஐந்து வாரம் ஒன்றும் வரவில்லை. தபால் வேன் வரும் செவ்வாய்க்கிழமைகளில் என்னால் வகுப்பெடுக்க முடியவில்லை. பையன்கள் போட்ட கணக்கு சரியா தப்பா என்றுகூடப் பார்க்க முடியவில்லை. கரும்பலகையில் எழுதிய எண்கள் எல்லாம் தேதிகளாகத் தெரிந்தன. ஆறாவது வாரம் கடிதம் வந்தது. ஆபரேஷன் செய்த இடத்தில் தழும்பு தடித்திருக்கிறது, வேறொன்றுமில்லை. முடிவு தெரியக் காத்திருந்த பதினொரு நாளும் அக்கா சோறு தின்னவில்லை, செல்லியை இடுப்பை விட்டு இறக்கவில்லை, ஆறு வயதுப் பிள்ளையின் கால் தன் முழங்காலுக்குக் கீழே தொங்கத் தூக்கிக்கொண்டே நடந்தாள் என்று அப்பா எழுதியிருந்தார்.

92 ஏப்ரலில் ஐந்து வருஷம் முடிந்தது. அப்போது நான் மாலத்தீவில் இருந்தேன். டாக்டர் இனி வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றாராம். அவள் கிரைண்டர் மேல் போட்டிருந்த சாக்கை எடுத்தாள். காலனியில் அதற்குள் பாதி வீட்டில் சொந்தக் கிரைண்டர் வந்துவிட்டது. முதலில் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனவள் என் அம்மா. எங்கள் வீட்டிலும் கிரைண்டர் இருந்தது. உளுந்து இம்மாம்தானா என்ற கேள்வியை அம்மா வாசலிலேயே வாங்கிக்கொண்டாளாம்.

நியாயமாகப் பார்த்தால் என் பயம் அத்தோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒரு ஊரில் முகவரி நிலைத்தால் அங்கே கடிதம் வந்து சேரும். அதனால் ஊர் மாறிக்கொண்டே இருந்தேன். மாலத்தீவு, போட்ஸ்வானா, நேபாளம். ஒப்பந்தம் முடியுமுன்னே அடுத்த வேலை. எல்லோரும் என்னைக் கால் நிற்காதவள் என்றார்கள். நான் உறைகளுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன். கடைசி ஒன்றரை வருஷம் வீட்டுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

97 ஆகஸ்டில் போக்ராவில், நான் வேலை பார்த்த பள்ளிக்கு அப்பாவின் கையெழுத்தில் ஒரு உறை வந்தது. எப்படியோ முகவரியைக் கண்டுபிடித்திருந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கடிதம் இல்லை. உள்ளே அட்டை, இரண்டாக மடித்த ரிப்ளை கார்டு. ஆஸ்பத்திரிக் கார்டு என் கைக்கு வருவதென்றால் அதற்குப் பதில் எழுத அங்கே யாரும் இல்லை என்றுதான் அர்த்தம். பிரிக்காமல் இரண்டு நாள் பைக்குள் வைத்துக்கொண்டு அலைந்தேன். மூன்றாம் நாள் மழையில் பை நனைந்து உறை தானாகவே வாய் திறந்துகொண்டது.

அச்சடித்த கார்டு இல்லை. தபாலாபீசில் வாங்கிய வெறும் ரிப்ளை கார்டு. செல்லியின் கையெழுத்து, பதிமூன்று வயதுக்கு அழகாகவே இருந்தது. பதில் எழுதும் பாதியில் சேலையூர் முகவரி முன்கூட்டியே எழுதியிருந்தது. இந்தப் பாதியில் இப்படி இருந்தது:

நோயாளி பெயர்: வேதா.
1. நோயாளி உயிருடன் இருக்கிறாரா?
2. இருமல் உண்டா?
3. எடை குறைந்திருக்கிறதா?
4. கடைசியாக எப்போது வந்து காட்டினார்?

அதற்குக் கீழே, அம்மா வாயால் சொன்னதை ஒரு எழுத்தும் திருத்தாமல் செல்லி எழுதியிருந்தாள்:

பத்து வருசம் ஆச்சு. நான் கீறேன். நீ கீறியா?